மாரிக்குள் நின்ற மோட்டார் சைக்கிள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஐப்பசியில் வாடைக் காற்று திரும்பியதும் திருகோணமலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கெட்ட காலம் தொடங்கிவிடும். வருடத்து மழையில் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழியைச் சுற்றித்தான் கொட்டுகிறது. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல் என்பதால் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உப்பைக் கொண்டுதான் வரும். படங்கால் இறுக மூடிவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஈரத்தோடு மூடிய பைக் உள்ளுக்குள்ளேயே வியர்த்துக் கறள் பிடிக்கும். மூடுவதானால் காய்ந்த பிறகு, கீழே காற்றுப் போக இடம் விட்டு மூடுங்கள்.

மாரியில் வரும் குறைகளில் பெரும்பாலானவை சாமான் தேய்ந்ததால் வருபவை அல்ல. தண்ணீர், உப்பு, பழைய பெற்றோல், கறள் ஆகிய நான்கும்தான் காரணம். ஆகவே துடைப்பது, காயவைப்பது, சுத்தம் செய்வது முதலில். கடைக்குப் போவது அப்புறம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்கைக் காப்பாற்றி ஓடுவதுதான் நம்மில் பலருக்கு ஒரே வழியாக இருந்தது. 2025 இல் கதவு திறந்தாலும் புதியது வாங்கும் விலை எல்லோர் கைக்கும் எட்டுவதில்லை. அதனால் வீட்டு விறாந்தையில் நாமே பார்க்கக்கூடியவற்றை இங்கே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எஞ்சினுக்கு நெருப்புப் பொறி தரும் பிளக்கையும் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரையும் ஒரே மூச்சில் கழற்றினால், பைக் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மழைக்கு மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

கிக் அடித்து அடித்துக் கால் ஓய்ந்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் கையில் சாவி (ஸ்பானர்) எடுக்காமல் பார்க்கக்கூடியவை. வலது கைப்பிடியில் உள்ள எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச் சரியான பக்கம் இருக்கிறதா? பெற்றோல் குழாய் திறந்திருக்கிறதா, ரிசேர்வில் போட்டால் வருகிறதா? சொக் இழுத்தீர்களா? இந்த மூன்றுக்காகவே கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போகப்பட்ட பைக்குகள் உண்டு.

இவை சரி என்றால் பிளக். தொப்பியைக் கழற்றும்போது உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மழையில் நின்ற பைக்கில் பிளக் தொப்பிக்குள் தண்ணீர் புகுந்து மின்சாரம் வேறு வழியாக ஓடிவிடுவது மிகச் சாதாரணம். உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் வைத்தாலே சில வேளை வேலை முடிந்துவிடும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றியிருக்கும் மண்ணையும் ஊதித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்கின் நுனி என்ன சொல்கிறது என்று பாருங்கள். பெற்றோல் மணத்தோடு நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, நெருப்பு வரவில்லை; அல்லது சொக் இழுத்து அளவுக்கு மிஞ்சி விட்டிருக்கிறது. எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவே இல்லை. நெருப்பைப் பார்க்க, பெற்றோல் குழாயை மூடிவிட்டு, பிளக்கைத் தொப்பியில் பொருத்தி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினில் தொடும்படி பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்து, கிக் அடியுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, மெல்லியதாக வந்தால் பிளக்கோ தொப்பியோ வயரோ பலவீனம். பிளக் நுனியில் பொறி பாயும் இடைவெளி பெரும்பாலான சிறிய பைக்குகளுக்கு 0.7, 0.8 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். உங்கள் மொடலுக்கு உரியதைக் கைநூலில் பாருங்கள்.

பிளக்கைத் திரும்பப் பூட்டும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது. சிலிண்டர் தலை அலுமினியம், பிளக் இரும்பு. சாவியைப் போட்டு முதல் சுற்றையே இறுக்கினால் கோணலாக ஏறி மரையைத் தின்றுவிடும். விரலால் கடைசிவரை சுழற்றுங்கள். விரலுக்கு நின்ற பிறகு, புதிய பிளக் என்றால் சாவியால் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. பழையதையே பூட்டுகிறீர்கள் என்றால் அதைவிட மிகக் குறைவாக. அவ்வளவு போதும்.

பிளக் காய்ந்திருந்தது என்றால் காபரேட்டர் பக்கம் போவோம். மிதவைக் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு திருகாணி இருக்கும். அதற்குக் கீழே கண்ணாடிப் போத்தலைப் பிடித்துத் திருகாணியைத் தளர்த்துங்கள். பெற்றோலை விடத் தண்ணீர் கனம். போத்தலின் அடியில் முத்து முத்தாக உருண்டு தனியே நிற்கும். அதைக் கண்டுவிட்டால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. சுத்தமான பெற்றோல் மட்டும் வரும் வரை வடியவிடுங்கள், தாங்கியின் அடியையும் பாருங்கள். தாங்கி மூடியின் இறப்பர் வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்கும். இந்த வேலையை விளக்கு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் செய்யவே கூடாது. கார்த்திகை விளக்கீட்டு நாட்களில் விறாந்தை முழுக்கச் சிட்டி எரியும். அன்றைக்கு ஸ்பானரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எரிபொருளைப் பம்ப் மூலம் தெளிக்கும் புதிய மொடல்களில் இந்தக் கிண்ணம் கிடையாது. திறப்பைப் போட்டவுடன் தாங்கிப் பக்கமிருந்து ஒரு இரண்டு வினாடி மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பியூஸும் பற்றரியும் பாருங்கள். அதற்கு மேல் வீட்டில் கழற்ற வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நிற்கிறது

சொக்கில் மட்டும் ஓடி, சொக்கை விட்டதும் நின்றால் காபரேட்டரின் சின்ன ஜெட் (பெற்றோல் போகும் நுண்துளை உள்ள பித்தளைத் துண்டு) அடைத்திருக்கிறது. வாரக்கணக்கில் நின்ற பெற்றோல் ஆவியாகி, மிச்சம் பிசின் மாதிரி அந்த நுண்ணிய ஓட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஜெட்டைக் கழற்றி காபரேட்டர் கிளீனர் ஸ்பிறே அடித்து, காற்றால் ஊதி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்: ஊசி முனை அளவு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை ஒரு மயிரிழை பெருத்தாலும் பெற்றோல் கணக்கு மாறி, பிறகு எவ்வளவு சரிக்கட்டினாலும் பைக் ஒழுங்காக நிற்காது. பக்கத்தில் இருக்கும் காற்றுத் திருகாணியைக் கழற்றுவதற்கு முன், அது மெல்ல முட்டும் வரை உள்ளே சுழற்றி எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது அதே கணக்கு.

நன்றாக ஓடிக் கொஞ்ச நேரத்தில் மூச்சடைத்து நின்று, சற்றுப் பொறுத்தால் திரும்ப ஓடுகிறதா? அடுத்த முறை நின்றவுடன் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டு, பிறகு பைக் உடனே ஸ்டார்ட் ஆனால், மூடியில் இருக்கும் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. பைக் நின்ற மாதங்களில் குளவி மண்கூடு கட்டுவதும், மண்ணும் கறளும் சேர்ந்து அடைப்பதும் நடக்கும். துளையைத் திறந்துவிட்டால் போதும். காபரேட்டரைத் தொடவே தேவையில்லை.

மழை பெய்யும்போது மட்டும் தடுமாறினால் காற்று வடிகட்டியைப் பாருங்கள். நனைந்த கடதாசி வடிகட்டியை உலர்த்திப் போடுவதில் பயனில்லை, மாற்றுங்கள். பஞ்சு வடிகட்டி என்றால் கழுவி, காயவைத்து, எஞ்சின் ஒயிலில் நனைத்துப் பிழிந்து பூட்டலாம்.

செல்ஃப் (ஸ்டார்ட் செய்யும் பொத்தான்) அழுத்தினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும்

பற்றரி இறங்கிவிட்டது, அல்லது முனையில் பூத்துவிட்டது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றித் துலக்கி, காயவைத்து, பூட்டிய பிறகு மேலே கொஞ்சம் வசிலின் பூசுங்கள். கடற்கரைப் பக்கம், உப்புவெளி நிலாவெளியில் இருப்பவர்கள் இதை மாரிக்கு முன்னும் பின்னும் கட்டாயம் செய்ய வேண்டும்.

மீற்றர் இருந்தால் பற்றரியை அளந்து பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைவு. 12 க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் போட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் முறுக்கும்போது 13.5 க்கும் 14.5 க்கும் இடையில் வர வேண்டும். வரவில்லை என்றால் புதுப் பற்றரி போட்டாலும் அதுவும் செத்துப்போகும், குறை சார்ஜ் ஆகும் பக்கத்தில். சார்ஜ் போடும்போது மெதுவாகப் போடுங்கள்: 5 ஆம்பியர்-மணி பற்றரிக்கு அரை ஆம்பியர் போதும். கழற்றும்போது முதலில் மைனஸ். பூட்டும்போது கடைசியில் மைனஸ். தண்ணீர் விடும் வகை என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். கிணற்றுத் தண்ணீர் விட்டால் அதிலுள்ள உப்பு தட்டுகளைக் கெடுக்கும்.

வெள்ளத்தில் நின்ற பைக்

மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழும் பக்கம், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் ஆகிய தாழ்ந்த இடங்களில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: எஞ்சின் மட்டத்துக்கு வெள்ளம் ஏறியிருந்தால், ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக்கூட செல்ஃபை அழுத்தாதீர்கள், கிக் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். ஒரு நாள் வேலையில் தப்பியிருக்கக்கூடிய எஞ்சினை முழுதாகப் பிரித்துத் திருத்த வேண்டிவரும்.

முதலில் பற்றரி மைனஸைக் கழற்றுங்கள். வந்தது உவர்த் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கையாலோ மெதுவாகக் கிக்காலோ எஞ்சினைச் சுழற்றுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டையால் பீச்சியடிக்கும். பிறகு எஞ்சின் ஒயிலை வடியுங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மலிவான, ஆனால் உரிய தரமுள்ள ஒயிலை விட்டு, காற்று வடிகட்டி, காபரேட்டர், தாங்கி எல்லாம் சுத்தமாக்கிய பிறகு சில நிமிடம் மெல்ல ஓடவிட்டு மறுபடி வடியுங்கள். நிறம் தெளியும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சில்லுப் பேரிங்குகளிலும் தண்ணீர் போயிருக்கும். அன்றைக்குச் சத்தம் தெரியாது. மாசி, பங்குனியில் ‘கரகர’ என்று தெரியவரும்.

வெள்ளமே வராத வீட்டிலும் ஒயில் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் மாதிரிக் கொஞ்சம் படிந்திருக்கலாம். சந்திக்கும் கடைக்கும் என்று குறுகிய ஓட்டம் மட்டும் ஓடினால் எஞ்சின் சூடாகாமல் ஈராவி உள்ளே தங்குவதால் வருவது அது. பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவையாவது கன்னியா வரை, சாம்பல்தீவு வரை என்று நீளமாக ஓடிவிட்டு வாருங்கள். சைலன்சருக்குள் தேங்கும் தண்ணீரும் அப்போதுதான் ஆவியாகி வெளியேறும்.

பிறேக் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தால் விடவில்லை

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. எஞ்சின் பழுதானால் நடுவழியில் நிற்போம். பிறேக் பழுதானால் நிற்க மாட்டோம்.

ட்ரம் பிறேக்கில் காலையில் முதல் தடவை வழுக்கி, பிறகு சரியானால் உள்ளே ஈரம். சில தடவை மெதுவாகப் பிடித்தபடி ஓடினால் காய்ந்துவிடும். அழுத்தியபின் மிதி திரும்பி மேலே வராமல் சில்லு இறுகி நின்றால், ட்ரம்மை உரசிப் பிடிக்கும் சூக்களை விரிக்கும் பிறேக் கேம் கறள் பிடித்திருக்கிறது. சில்லைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். கேமை வெளியே எடுத்து சாண்ட் பேப்பரால் கறளைத் தேய்த்து, சூடு தாங்கும் கிறீஸை மிகக் கொஞ்சமாகப் பூசுங்கள். சூவில் கிறீஸ் பட்டால் அந்தச் சூ போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டும்போது இரண்டு விஷயம். அச்சு நட்டை இறுக்கும்போது பிறேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். அப்போது சூக்கள் ட்ரம்மின் நடுவில் அமரும், பிடிப்பு சீராக வரும். இரண்டாவது, பின் சில்லில் பிறேக் தட்டைச் சட்டத்தோடு இணைக்கும் அந்த ஒற்றைத் தடி. அதைப் பூட்ட மறந்தாலோ நட்டு கழன்றாலோ, பிறேக் பிடித்த கணத்தில் தட்டு முழுவதும் சில்லோடு சுழன்று, பின் சில்லு பூட்டிக்கொள்ளும். நட்டை இறுக்கி, புதிய ஸ்பிளிட் பின் போட்டு, அதன் கால்களை விரித்துவிட்ட பிறகே எழும்புங்கள்.

டிஸ்க் பிறேக் என்றால், லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று, அல்லது திரவம் பழையது. பிறேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். மூடியில் எழுதியிருக்கும் டொட் (DOT) இலக்கமுள்ள திரவத்தையே பாவியுங்கள். பெயின்டில் பட்டால் உரித்துவிடும்; பட்டவுடன் தண்ணீர் ஊற்றுங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் பிறேக் பாட் மாற்றிப் பூட்டினால், பைக்கை நகர்த்துவதற்கு முன் லீவரைப் பலதடவை அழுத்துங்கள். முதல் சில அழுத்தங்களில் லீவர் கைப்பிடி வரை வெறுமனே போகும். அது வீட்டு வாசலில் நடக்கட்டும், சந்தியில் நடக்க வேண்டாம்.

கிளச் பிடித்தாலும் பைக் முன்னே பாய்கிறது

மாதக்கணக்கில் நின்றதில் கிளச் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, கிளச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் உலுக்குங்கள். ‘டக்’ என்று விடுபடும்.

சங்கிலியில் ‘கிறீச்’, அல்லது ஓடும்போது இடையிடையே இடி

கறள். மண்ணெண்ணெயில் தூரிகையை நனைத்துத் துலக்கி, துடைத்து, கியர் ஒயில் விடுங்கள். முழு மூடி உள்ள பைக்குகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே வருடம் போகும். மாரி முடிந்ததும் மூடியைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். எஞ்சின் ஓடும்போது சங்கிலியில் துணி வைத்துத் துடைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். விரல் போகும் வேலை அது. சில்லைக் கையால் சுழற்றினால் போதும்.

கீழ்ப்பக்க நடுவில் மேலும் கீழும் ஆட்டினால் 25 மில்லிமீற்றர் அளவு தளர்வு பொதுவாகச் சரி. சில்லைச் சுழற்றி, மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அளவெடுங்கள். சங்கிலியைப் பூட்டும் கிளிப்பின் மூடிய பக்கம் சங்கிலி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

கழற்றிப் பூட்டிய பிறகு வந்த புதுக் குறைகள்

ஹாண்டிலைத் திருப்பும்போது எஞ்சின் தானாக இரைகிறதா? அக்சிலேட்டர் கேபிள் எதிலோ சிக்கி இழுபடுகிறது. பழைய வழியில் கேபிளைக் கொண்டுபோகும் வரை ஓடாதீர்கள். கழற்றுவதற்கு முன் தொலைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தால் இதில் தலையிடி இல்லை.

எஞ்சின் மூடியால் ஒயில் கசிகிறதா? மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் வரும் பழைய கஸ்கட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே புதியதை வைத்திருப்பீர்கள், அல்லது போல்ட்டுகள் இடம் மாறியிருக்கும். அந்த மூடியின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டை ஓட்டையில் இறுக்கினால் அது அடியில் முட்டி வார்ப்பை வெடிக்கச் செய்யும். குட்டையானது நீள ஓட்டையில் இரண்டு மரையைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு அவற்றையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு கார்ட்போர்ட் மட்டையில் மூடியின் வடிவத்தைக் கீறி, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். பூட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மற்றச் சாமான்களுக்குச் சிரட்டை போதும், ஆனால் ஒரு வேலைக்கு ஒரு சிரட்டை.

போல்ட் வர மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். கறள் நீக்கும் ஸ்பிறேயை அடித்து ஒரு இரவு விடுங்கள், தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள், கொஞ்சம் இறுக்கும் பக்கமும் கொஞ்சம் கழற்றும் பக்கமுமாக அசைத்து எடுங்கள். பூட்டும்போது மரையில் மெல்லிய கிறீஸ். விரலால் சில சுற்று. பிறகு எதிரெதிரே மாற்றி மாற்றி இறுக்குங்கள். 10 சாவி போகும் சிறு போல்ட்டுக்குத் தேவை ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றர்தான். குட்டைச் சாவியைப் பிடித்து மணிக்கட்டால் இறுக்கும் பலம் அது, தோளால் இறுக்குவது அல்ல.

பின் பிறேக் லைட் அணையாமல் எரிந்தால் மிதியின் சுவிட்ச் நட்டைச் சரிசெய்யுங்கள். சிக்னல் வழக்கத்தைவிட வேகமாக வெட்டினால் ஒரு பல்ப் போயிருக்கும். ஹோர்ன் கம்மினால் வயர் முனையைக் கழற்றித் துலக்குங்கள், செம்பில் பச்சை பூத்திருக்கும்.

தைப்பொங்கலுக்குப் பைக் கழுவுவது நம் வழக்கம். அழுத்தக் குழாயால் சில்லு அச்சு, ஹாண்டில் கழுத்து, பிளக், சைலன்சர் வாய் ஆகிய இடங்களுக்கு நேரே அடிக்காதீர்கள். கழுவி முடிந்ததும் கட்டாயம் ஓடிக் காயவையுங்கள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் முதல் ஓட்டம் உங்கள் ஒழுங்கைக்குள்ளேயே இருக்கட்டும். நடை வேகத்தில் முன் பிறேக், பின் பிறேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். சரி என்றால் தட்டையான வீதியில் சில கிலோமீற்றர். உவர்மலை இறக்கமும் கோணேசர் கோயில் ஏற்றமும் அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்து, எஞ்சின் ஆறியதும், இரண்டு அச்சு நட்டுகளையும் பிறேக் தடியையும் ஒயில் வடிக்கும் போல்ட்டையும் மறுபடி சாவி வைத்துப் பாருங்கள். பைக் நின்ற இடத்தில் ஒரு பழைய பத்திரிகையை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் அதில் ஒயில் சொட்டு இருந்தால் எந்த இடத்துக்கு நேர்கீழே விழுந்திருக்கிறது என்று பார்த்து அங்கேயே தொடங்குங்கள்.